ரெவிட்டில் லேயரே இல்லை, டி.டபிள்யூ.ஜி ஃபைலில் மட்டும் எங்கிருந்து வருகிறது?

ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்யும் வரைபட அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்று உண்டு: "உங்க ரெவிட் ஃபைல்ல லேயர் எல்லாம் கன்னாபின்னான்னு இருக்கு." ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் சொல்வார், இன்டீரியர் பார்ப்பவர் சொல்வார், கடைசியில் பிரிண்ட் எடுப்பவரும் சொல்வார். இதற்கு வழக்கமாக நடக்கும் வைத்தியம், ஒரு ஜூனியரை உட்கார வைத்து, ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் லேயர்களை, அதாவது கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்குகளை, ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றச் சொல்வது. அவர் மாலை வரை உட்கார்ந்து முடிப்பார். அடுத்த வாரம் டிசைனில் ஒரு சுவர் நகரும், புது ஃபைல் எடுக்க வேண்டும், மறுபடி முதலிலிருந்து அதே வேலை.

அந்த உழைப்பு முழுக்க வீண். ரெவிட்டில் ஒரே ஓர் அட்டவணையை ஒருமுறை சரியாக நிரப்பி வைத்தால், எத்தனை தடவை எக்ஸ்போர்ட் செய்தாலும், அதாவது டி.டபிள்யூ.ஜி ஃபைலாக வெளியே எடுத்தாலும், லேயர்கள் நாம் சொன்னபடியே விழும். ஆனால் அந்த அட்டவணையைத் திறக்கப் பலர் தயங்குகிறார்கள். காரணம், லேயர் எக்ஸ்போர்ட் பற்றிப் பேச்சுவாக்கில் பரவியிருக்கும் தவறான எண்ணங்கள். ரெவிட்டுக்குள் எங்கோ லேயர்கள் ஒளிந்திருக்கின்றன என்பது ஒன்று. ரெவிட்டில் கோட்டின் நிறத்தை மாற்றினால் வெளியே போகும் ஃபைலிலும் லேயரின் நிறம் மாறிவிடும் என்பது இன்னொன்று. ஏஐஏ என்ற அமெரிக்க லேயர் பெயர் முறையை ஏற்றிவிட்டு "ஏஐஏ ஸ்டாண்டர்டு போட்டாச்சு, அவ்வளவுதான்" என்பது மூன்றாவது. மூன்றுமே சரியல்ல. ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

லேயர் எங்கே பிறந்தது

கணினி வருவதற்கு முன்பே லேயர் என்ற பழக்கம் இருந்தது. ஒரு மாடியின் சுவர்களை ஒரு டிரேசிங் தாளில் வரைவார்கள். அதன் மேல் இன்னொரு தாளை வைத்து மின்சார இணைப்புகளை வரைவார்கள், மூன்றாவது தாளில் குழாய்கள். தாள்கள் நகராமல் இருக்க மேல் ஓரத்தில் துளை போட்டு, முள் பதித்த பட்டையில் மாட்டி வைப்பார்கள். எலெக்ட்ரிஷியனுக்குச் சுவர்த் தாளும் மின்சாரத் தாளும் சேர்ந்த பிரதி போகும். பிளம்பருக்குச் சுவர்த் தாளும் குழாய்த் தாளும்.

1982-இன் இறுதியில் வெளிவந்த ஆட்டோகேட் இந்தப் பழக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதில் எந்தக் கோடு வரைந்தாலும் அது ஏதாவது ஒரு லேயரில் இருந்தே ஆக வேண்டும். இன்றைய ஆட்டோகேடில் லேயருக்கு ஒரு பெயர், ஒரு நிறம், ஒரு கோட்டு வகை, ஒரு தடிமன். லேயரை அணைத்தால் அதிலுள்ள எல்லாம் மறையும். அதன் நிறத்தை மாற்றினால், தனக்கென்று நிறம் இல்லாத எல்லாக் கோடுகளின் நிறமும் மாறும். ஆட்டோகேடின் சொந்த ஃபைல் வடிவம்தான் டி.டபிள்யூ.ஜி. கட்டடத் துறையில் பலரும் இன்னும் அந்த ஃபைலைத்தான் கேட்டு வாங்குகிறார்கள், அதனால்தான் இந்தக் கட்டுரைக்கே தேவை இருக்கிறது.

ஆட்டோகேடில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அங்கே நான்கு கோடுகள் சேர்ந்து ஒரு சுவர் போலத் தெரியும், ஆனால் அவை கோடுகள்தாம். அவை சுவர் என்று சொல்வது லேயரின் பெயர் மட்டுமே.

ரெவிட் வேறு மாதிரி யோசிக்கிறது

ரெவிட் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2002-இல் ஆட்டோகேடை உருவாக்கிய ஆட்டோடெஸ்க் நிறுவனமே அதை வாங்கியது. இரண்டும் இப்போது ஒரே நிறுவனத்தின் பொருட்கள் என்பதால் உள்ளேயும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று நினைத்துவிடுகிறோம். அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

ரெவிட்டில் சுவர் வரையும்போது நாம் கோடு வரைவதில்லை. ஒரு சுவரை வைக்கிறோம். அது சுவர் என்பது மென்பொருளுக்குத் தெரியும். அதன் உயரம், தடிமன், எந்த மாடியில் நிற்கிறது, எந்தக் கட்டத்தில் கட்டப்படுகிறது எல்லாம் அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும். இப்படி ஒரு பொருள் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று ரெவிட் வைத்திருக்கும் வகைப்பாட்டுக்குக் கேட்டகரி என்று பெயர். சுவர் ஒரு கேட்டகரி, கதவு ஒன்று, ஜன்னல் ஒன்று, தூண் ஒன்று. கேட்டகரிக்குள் உட்பிரிவுகளும் உண்டு, அவை சப்கேட்டகரி. கதவு என்ற கேட்டகரிக்குள் நிலை, பலகை, கதவு திறக்கும் திசையைக் காட்டும் வளைகோடு ஆகியவை தனித்தனி சப்கேட்டகரிகளாக இருக்கும்.

கேட்டகரிகளை நாம் இஷ்டத்துக்கு உருவாக்க முடியாது. அவை மென்பொருளோடு வருபவை. ஒரு சுவரைப் பிடித்து "நீ இனிமேல் கதவு" என்று சொல்லவும் முடியாது. ஆட்டோகேடில் எந்தக் கோட்டையும் எந்த லேயருக்கும் தள்ளலாம் என்ற சுதந்திரத்துக்குப் பழகியவர்களுக்கு இது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் தூணை யாரும் தவறிப்போய் ஃபர்னிச்சர் லேயரில் வரைந்து வைக்க முடியாது என்பதும் இதனால்தான்.

ஆக, லேயர் இல்லாத இடத்திலிருந்து லேயர் இல்லாமல் வாழவே முடியாத இடத்துக்கு ஒரு கட்டடத்தை அனுப்ப வேண்டும். நடுவே யாராவது மொழிபெயர்க்க வேண்டும்.

வீடு மாற்றும்போது என்ன நடக்கிறது

வீடு காலி செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் குக்கர் எங்கே, இஞ்சி தட்டும் கல் எங்கே, பிள்ளைகளின் பாடப் புத்தகம் எங்கே என்று நமக்குத் தெரியும். எதன் மேலும் சீட்டு ஒட்டி வைத்திருக்க மாட்டோம், தேவையில்லை. பேக்கர்ஸ் ஆட்கள் வந்ததும் நிலைமை வேறு. அவர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுக்கிறோம்: பாத்திரம் எல்லாம் "சமையலறை" என்று எழுதிய பெட்டிக்கு, புத்தகம் எல்லாம் "படிக்கும் அறை" பெட்டிக்கு. அவர்கள் பொருளைப் பார்க்கிறார்கள், பட்டியலைப் பார்க்கிறார்கள், உரிய பெட்டியில் போடுகிறார்கள். புது வீட்டில் இறக்குபவருக்குப் பெட்டியின் மேல் எழுதியிருப்பது மட்டும்தான் தெரியும்.

ரெவிட்டிலிருந்து டி.டபிள்யூ.ஜி எடுப்பது இதேதான். பொருள் என்பது கேட்டகரி. பெட்டி என்பது லேயர். பட்டியல் என்பது எக்ஸ்போர்ட் அட்டவணை. பெட்டிகள் வீட்டில் ஏற்கெனவே இருந்தவை அல்ல. மூட்டை கட்டும் நேரத்தில்தான் வருகின்றன. லேயரும் அப்படித்தான், எக்ஸ்போர்ட் செய்யும் அந்த நொடியில் பிறக்கிறது. பட்டியலில் தவறு இருந்தால் எத்தனை முறை மூட்டை கட்டினாலும் அதே தவறு வரும். பட்டியலைத் திருத்தாமல், போய்ச் சேர்ந்த வீட்டில் பெட்டி பெட்டியாகப் பெயரை அடித்து எழுதுவதைத்தான் அந்த ஜூனியர் மாலை வரை செய்துகொண்டிருக்கிறார்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஆட்டோகேடில் பொருளின் அடையாளம் லேயர். ரெவிட்டில் பொருளின் அடையாளம் கேட்டகரி. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது ஓர் அட்டவணை.

அட்டவணையைத் திறந்து பார்ப்போம்

எக்ஸ்போர்ட் மெனுவில் டி.டபிள்யூ.ஜி-யைத் தேர்ந்தால் வரும் பெட்டியில், எந்த அமைப்பைப் பயன்படுத்துவது என்று கேட்கும் இடத்தின் பக்கத்தில் மூன்று புள்ளிகள் போட்ட சிறிய பொத்தான் இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அதை அழுத்தினால் வரும் ஜன்னலின் முதல் டேபே லேயர்ஸ்.

இடதுபுறம் கேட்டகரிகளும் சப்கேட்டகரிகளும் வரிசையாக இருக்கும். வலதுபுறம் இரண்டு தொகுதிகள்: புரொஜெக்ஷன், கட். ஒவ்வொன்றிலும் லேயர் பெயர், கலர் ஐடி, மாடிஃபையர் என்று மூன்று கட்டங்கள்.

கட், புரொஜெக்ஷன் என்றால் என்ன? மாடி வரைபடம் என்பது கட்டடத்தைத் தரைக்கு மேல் ஓர் உயரத்தில் கிடைமட்டமாக அறுத்து மேலிருந்து பார்ப்பது. அறுபடும் இடத்திலுள்ள கோடுகள் கட். அறுபடாமல் கீழே கண்ணுக்குத் தெரியும் கோடுகள் புரொஜெக்ஷன். முழு உயரச் சுவர் அறுபடும். பால்கனியின் குட்டைச் சுவர் பெரும்பாலும் அறுபடாது, மேலிருந்து தெரியும். இரண்டும் ஒரே சுவர்க் கேட்டகரிதான், ஆனாலும் இங்கே வேறு வேறு லேயர் கொடுக்கலாம். அறுபட்ட கோடு தடித்தும் மற்றது மெலிந்தும் இருக்க வேண்டும் என்று விரும்பும் அலுவலகங்களுக்கு இது பெரிய வசதி. ஃபர்னிச்சர் போன்றவற்றை ரெவிட் அறுத்துக் காட்டுவதில்லை, அவற்றுக்கு கட் பக்கத்தில் வேலையில்லை.

சப்கேட்டகரியின் லேயர் கட்டத்தைக் காலியாக விட்டால் அது தன் தாய்க் கேட்டகரியின் லேயருக்கே போய்விடும். இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை குறையும். எல்லா வரிசையையும் நிரப்ப வேண்டியதில்லை. கதவின் திறப்பு வளைகோடு மட்டும் தனி லேயரில் வேண்டும் என்றால் அந்த ஒரு வரிசையை மட்டும் நிரப்பினால் போதும்.

கலர் ஐடி: வெறும் நிறமல்ல

இந்தக் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிண்டில் வரும் பிரச்சினைகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஆட்டோகேடில் நிறங்களுக்கு 1 முதல் 255 வரை எண்கள் உண்டு. 1 சிவப்பு, 2 மஞ்சள், 3 பச்சை, 4 இளநீலம், 5 நீலம், 6 மெஜந்தா. 7 என்பது பின்னணியைப் பொறுத்து வெள்ளையாகவோ கறுப்பாகவோ தெரியும். இந்த எண்தான் கலர் ஐடி.

பல அலுவலகங்கள் பிரிண்ட் எடுக்க சிடிபி என்ற ஃபைலை வைத்திருக்கின்றன. திரையில் எந்த நிறம் என்றால் தாளில் எந்தத் தடிமன் என்று சொல்லும் ஃபைல் அது. ஒரு அலுவலகத்தில் 1-ஆம் நிறம் என்றால் 0.18 மில்லிமீட்டர், 5-ஆம் நிறம் என்றால் 0.5 மில்லிமீட்டர் என்று வைத்திருக்கலாம். திரையில் சிவப்பாகவும் நீலமாகவும் இருக்கும் கோடுகள் தாளில் கறுப்பாகவே வரும், தடிமனில் மட்டும் வித்தியாசப்படும். டிராஃப்டிங் பேனாக்களைத் தடிமன் வாரியாக மாற்றி மாற்றி வரைந்த காலத்தின் தொடர்ச்சி இது. அங்கே நிறம் என்பது பேனாவின் எண்.

இப்போது யோசியுங்கள். நாம் சுவர் லேயருக்குக் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று ஏதோ ஒரு எண்ணைப் போட்டு அனுப்புகிறோம். எதிர்முனையில் அந்த எண்ணுக்கு மிக மெல்லிய கோடு என்று சிடிபி-யில் எழுதியிருக்கிறது. தாளில் சுவரும் டைல்ஸ் கோடும் ஒரே தடிமனில் வந்து நிற்கும். "ரெவிட் பிரிண்ட் தெளிவா வராது" என்ற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. ரெவிட்டின் மேல் குற்றமில்லை. பெறுபவரின் சிடிபி-யைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் எண் போட்டதுதான் காரணம்.

அதேபோல, ரெவிட்டில் கேட்டகரிகளின் தோற்றத்தை அமைக்கும் ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸில் சுவருக்கு என்ன நிறம் கொடுத்தாலும், எண் நிற முறையில் எக்ஸ்போர்ட் செய்யும்போது லேயரின் நிறத்தை முடிவு செய்வது இந்த அட்டவணையிலுள்ள எண்தான். இதே ஜன்னலில் கலர்ஸ் என்ற டேப் ஒன்று உண்டு. அதில் ட்ரூ கலர் என்ற முறையைத் தேர்ந்தால் கோடுகள் எண் இல்லாத நிறங்களோடு போகும். எண் இல்லாத நிறத்துக்கு சிடிபி-யில் பேனா கிடையாது. சிடிபி பயன்படுத்தும் ஒருவருக்கு அனுப்புவதாக இருந்தால் 255 எண் நிறங்கள் என்ற முறையில்தான் எடுக்க வேண்டும்.

பெயர்களுக்கு ஒரு இலக்கணம்

அட்டவணையை வெறுமையிலிருந்து நிரப்பத் தேவையில்லை. ரெவிட்டோடு நான்கு ஸ்டாண்டர்டுகள் வருகின்றன: அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் ஏஐஏ, பன்னாட்டு அளவிலான ஐஎஸ்ஓ 13567, பிரிட்டனின் பிஎஸ் 1192, சிங்கப்பூரின் சிபி 83. ஒன்றைத் தேர்ந்தால் எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிடும்.

ஏஐஏ முறையில் பெயர் சிறு கோடுகளால் இணைந்த துண்டுகளாக இருக்கும். முதல் துண்டு துறை: ஆர்க்கிடெக்சருக்கு ஏ, ஸ்ட்ரக்சருக்கு எஸ், எலெக்ட்ரிகலுக்கு ஈ, பிளம்பிங்குக்கு பி. அடுத்த துண்டு நான்கு எழுத்தில் பொருள். அதனால் சுவர் ஏ-வால், கதவு ஏ-டோர், தூண் எஸ்-கோல்ஸ். ஜன்னல் கண்ணாடியின் பெயரில் ஏ-கிளேஸ் என்று வரும். ஜன்னலைத் தேடி லேயர் பட்டியலில் வின்டோ என்ற பெயரைக் காணாமல் திகைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். அதற்கும் மேல் நுணுக்கம் வேண்டுமென்றால் இன்னொரு நான்கெழுத்துத் துண்டு, கடைசியில் புதியதா, இருப்பதா, இடிக்கப்போவதா என்று சொல்லும் ஓர் எழுத்து. ஐஎஸ்ஓ முறையில் எந்த எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்: யார் பொறுப்பு என்பதற்கு இரண்டு எழுத்து, என்ன பொருள் என்பதற்கு ஆறு, எப்படிக் காட்டப்படுகிறது என்பதற்கு இரண்டு.

எது நல்லது என்ற கேள்வியில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. லேயர் பெயர் நமக்காக அல்ல, பெறுபவருக்காக. சென்னையிலும் கோவையிலும் இருந்துகொண்டு அமெரிக்க, சிங்கப்பூர் நிறுவனங்களுக்கு வரைந்து கொடுக்கும் அலுவலகங்களில் ஒரே ஆள் காலையில் ஒரு ஸ்டாண்டர்டிலும் மதியம் இன்னொன்றிலும் ஃபைல் அனுப்ப வேண்டியிருக்கும். மாடலில் எதையும் தொடாமல் அட்டவணையை மட்டும் மாற்றி இதைச் செய்ய முடியும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம். உள்ளூர் கன்சல்டன்ட் தன் அலுவலகத்தில் இருபது வருடமாகச் சுவருக்கு வெறும் "வால்" என்றே வைத்திருக்கிறார் என்றால், ஏஐஏ-வை ஏற்றிவிட்டு அந்தக் கட்டத்தில் "வால்" என்று தட்டிவிட்டால் முடிந்தது. ஸ்டாண்டர்டை ஏற்றுவது ஆரம்பம்தான். திருத்தக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஓவர்ரைடு வந்தால் என்ன செய்வது

இனி சற்று நுட்பமான இடம். லேயர்ஸ் டேபின் மேற்பகுதியில் நீளமான பெயர்களுடன் மூன்று தேர்வுகள் இருக்கும். புதிதாக வருபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயந்து விட்டுவிடுகிறார்கள்.

ரெவிட்டில் ஒரு கேட்டகரிக்குப் பொதுவான தோற்றம் ஒன்று இருக்கும். அதை மீறி, ஒரு குறிப்பிட்ட வரைபடத்தில் சில பொருட்களுக்கு மட்டும் வேறு நிறமோ கோட்டு வகையோ கொடுப்பதுதான் ஓவர்ரைடு. எல்லாச் சுவரும் கறுப்பு, தீத்தடுப்புச் சுவர்கள் மட்டும் சிவப்பு என்று வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். எக்ஸ்போர்ட் ஆகும்போது அந்தச் சிவப்பு என்னவாக வேண்டும்? இதுதான் அந்த மூன்று தேர்வுகளும் கேட்கும் கேள்வி.

பதில் புரிய ஆட்டோகேடின் ஒரு சொல் தெரிய வேண்டும். ஒரு கோடு தனக்கென்று நிறம் வைத்துக்கொள்ளாமல் "என் லேயருக்கு என்ன நிறமோ எனக்கும் அதுவே" என்று இருந்தால் அது பைலேயர். தனக்கென்று சொந்த நிறம் ஒட்டியிருந்தால் அது பைஎன்டிட்டி.

முதல் தேர்வில், பொதுவான சுவர்கள் பைலேயராகப் போகும், தீத்தடுப்புச் சுவர்கள் அதே லேயரில் சிவப்பை ஒட்டிக்கொண்டு பைஎன்டிட்டியாகப் போகும். ரெவிட்டில் பார்த்ததற்கு நெருக்கமாகவே டி.டபிள்யூ.ஜி-யும் இருக்கும். ஆனால் பெறுபவர் சுவர் லேயரின் நிறத்தை மாற்றினால் மற்ற சுவர்கள் மாறும், சிவப்புச் சுவர்கள் அசையாது. "லேயரை மாத்தினாலும் கலர் மாறமாட்டேங்குது" என்ற புகாருக்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது தேர்வில் எல்லாம் பைலேயர், ஓவர்ரைடுகள் தூக்கி எறியப்படும். ஃபைல் மிகச் சுத்தமாக இருக்கும். தீத்தடுப்புச் சுவர் எது என்ற தகவல் போய்விடும். தன் சொந்த வேலைக்கு அடித்தளமாக வைத்துக்கொள்ள வெறும் பிளான் மட்டும் போதும் என்று கேட்கும் கன்சல்டன்டுக்கு இதுதான் பொருத்தம். அவருக்கு நம் வண்ணங்கள் தொந்தரவுதான்.

மூன்றாவதில் எல்லாம் பைலேயர், ஓவர்ரைடு உள்ளவற்றுக்குப் புது லேயர்களை ரெவிட்டே உருவாக்கும். தீத்தடுப்புச் சுவர்கள் தனி லேயரில் போய் உட்காரும். பெறுபவர் அவற்றை மட்டும் அணைக்கலாம், நிறம் மாற்றலாம். விலை என்னவென்றால் லேயர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். ஓவர்ரைடு அதிகம் உள்ள வரைபடத்தில் பட்டியல் அனுமார் வாலாக நீளும்.

சுருக்கமாக: தோற்றம் முக்கியம் என்றால் முதலாவது, சுத்தம் முக்கியம் என்றால் இரண்டாவது, பிரித்துக் கையாள வேண்டும் என்றால் மூன்றாவது.

அட்டவணையால் முடியாதது

கேட்டகரிதான் லேயரை முடிவு செய்கிறது என்பதற்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. 230 மில்லிமீட்டர் வெளிச்சுவரும் 115 மில்லிமீட்டர் தடுப்புச் சுவரும் ரெவிட்டுக்கு வேறு வேறு வகைகள், ஆனால் இரண்டும் சுவர்க் கேட்டகரி. தடிமனைப் பார்த்து இந்த வகைக்கு இந்த லேயர் என்று எழுத அட்டவணையில் கட்டமே இல்லை. ஒன்பது இஞ்ச் சுவர் ஒரு லேயர், நாலரை இஞ்ச் சுவர் இன்னொரு லேயர் என்று காலங்காலமாக வரைந்து பழகிய நம் ஊர் டிராஃப்ட்ஸ்மேன்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது.

சுற்றுவழி உண்டு. தடிமனை வைத்து ஒரு ஃபில்டர் போட்டு, 115 சுவர்களுக்கு மட்டும் ஒரு நிறத்தை ஓவர்ரைடாகக் கொடுத்து, மேலே சொன்ன மூன்றாவது தேர்வில் எக்ஸ்போர்ட் செய்தால் அவை தனி லேயராகப் பிரியும். வேலை நடக்கும். ஆனால் லேயரின் பெயர் ரெவிட் வைத்ததாக இருக்கும், அதை ஆட்டோகேடில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலைகளுக்கு இதைவிட நேரான வழி இருக்கிறது. மாடிஃபையர் என்ற கட்டம் அதற்குத்தான். லேயர் பெயரின் வாலில் தானாக ஒட்டிக்கொள்ளும் கூடுதல் துண்டே மாடிஃபையர். கட்டுமானக் கட்டத்தின் நிலையை மாடிஃபையராகச் சேர்த்தால், இருக்கும் சுவர், இடிக்கும் சுவர், புதுச் சுவர், தற்காலிகச் சுவர் நான்கும் சொந்தப் பெயருள்ள லேயர்களாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு சுவரும் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பது மாடலிலேயே பதிவாகியிருப்பதால் நாம் கையால் எதையும் பிரிக்க வேண்டியதில்லை. பலர் சேர்ந்து வேலை செய்யும் மாடல்களில், வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வைத்திருக்கும் வொர்க்செட் என்ற தொகுப்பின் பெயரையும் இப்படிச் சேர்க்கலாம். எனக்குத் தெரிந்து இந்த அட்டவணையிலேயே அதிகப் பயனுள்ள, ஆனால் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் கட்டம் இதுதான்.

இன்னொன்று: ஒரு பொருளை ஃபைலில் வராமல் செய்ய அட்டவணை உதவாது. வரைபடத்தில் தெரிவதுதான் ஃபைலில் போகும். ஃபர்னிச்சர் வேண்டாம் என்றால் அந்த வரைபடத்தில் அதை மறைத்துவிட்டு எடுக்க வேண்டும். அனுப்புவதற்கென்றே தனி வியூக்களை வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

மற்ற டேப்களில் கவனிக்க வேண்டியவை

யூனிட்ஸ் டேபில் ஒரு டி.டபிள்யூ.ஜி அலகு என்பது மில்லிமீட்டரா, மீட்டரா, அடியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கேயே, மாடலின் உள் மையத்தை வைத்து எடுப்பதா, எல்லோரும் பகிரும் ஆயத்தொலைவுகளை (கோஆர்டினேட்) வைத்து எடுப்பதா என்ற கேள்வியும் இருக்கும். ஒரே மனையில் பல கட்டடங்கள் இருந்தால் இரண்டாவதுதான் சரி.

ஜெனரல் டேபில் பிரிண்டில் வரக்கூடாத லேயர்களைக் குறிக்க ஒரு வசதி இருக்கிறது. லேயர் பெயரில் என்பிஎல்டி என்ற எழுத்துகள் இருந்தால் அந்த லேயர் பிரிண்ட் ஆகாதபடி குறிக்கச் சொல்லலாம். அதே டேபில் அறைகளின் எல்லைகளை மூடிய பாலிலைன்களாக எடுக்கும் தேர்வும் உண்டு. பாலிலைன் என்பது பல துண்டுகள் சேர்ந்த ஒரே கோடு. மூடியிருந்தால் அதன் பரப்பை மென்பொருள் நேரடியாகக் கணக்கிடும்.

இது கட்டட அனுமதிக்கு வரைபடம் கொடுப்பவர்களுக்கு முக்கியம். புனேயில் உருவான ஆட்டோடிசிஆர் போன்ற மென்பொருட்கள் இந்தியாவின் பல நகரங்களில் வரைபடங்களைச் சோதிக்கின்றன. அவை டி.டபிள்யூ.ஜி-யைத் திறந்து, குறிப்பிட்ட பெயருள்ள லேயரில் இருக்கும் மூடிய பாலிலைனைத் தேடி, அதை மனை என்றும் கட்டடப் பரப்பு என்றும் புரிந்துகொண்டு விதிகளோடு ஒப்பிடுகின்றன. அங்கே லேயர் பெயர் தவறாக இருந்தால் திட்ட ஒரு மனிதர் இருக்க மாட்டார். மென்பொருளுக்கு அந்த மனையே தெரியாது, அவ்வளவுதான். ரெவிட்டிலிருந்து எடுத்த ஃபைலை அப்படியே போட்டுவிட முடியாது, கூடுதல் வேலை இருக்கும். ஆனாலும் பெயர்களை அட்டவணையிலேயே பொருத்தி வைத்தால் அந்த வேலை கணிசமாகக் குறையும்.

அட்டவணையைப் பத்திரப்படுத்துவது

இவ்வளவு பாடுபட்டு நிரப்பிய அட்டவணை அடுத்த நாள் காணாமல் போவதற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. ஜன்னலின் இடதுபுறப் பட்டியலில் இன்-செஷன் என்று குறிப்பிட்ட தற்காலிக அமைப்பு ஒன்று இருக்கும். அதிலேயே மாற்றங்களைச் செய்தால் ரெவிட்டை மூடியதும் அவையும் போய்விடும். கீழேயுள்ள பொத்தானால் புது அமைப்பு ஒன்றை உருவாக்கி, பெறுபவரின் பெயரையோ துறையின் பெயரையோ வைத்து, அதில்தான் வேலை செய்ய வேண்டும். ஸ்ட்ரக்சருக்கு ஒன்று, பிரிண்டுக்கு ஒன்று, அனுமதிக்கு ஒன்று என்று எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். இவை அந்த புராஜெக்ட் ஃபைலுக்குள்ளேயே சேமிக்கப்படும்.

அடுத்த புராஜெக்டுக்குக் கொண்டுபோக, டிரான்ஸ்ஃபர் புராஜெக்ட் ஸ்டாண்டர்ட்ஸ் என்ற கட்டளையில் எக்ஸ்போர்ட் அமைப்புகளைத் தேர்ந்து இழுத்துக்கொள்ளலாம். அலுவலகத்தின் டெம்ப்ளேட்டிலேயே வைத்துவிட்டால் அதுவும் தேவையில்லை. லேயர் அட்டவணையை மட்டும் டெக்ஸ்ட் ஃபைலாக வெளியே எடுக்கவும் முடியும். அது டேப் இடைவெளியால் பிரிந்த சாதாரண எழுத்து ஃபைல். எக்ஸெலில் திறந்து மொத்தமாகத் திருத்தி மறுபடி ஏற்றலாம். நூற்றுக்கணக்கான வரிசைகளை அந்தச் சிறிய ஜன்னலில் உருட்டிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். திருத்தும்போது வரிசையின் தொடக்கத்திலுள்ள கேட்டகரி பெயர்களில் மட்டும் கை வைக்கக் கூடாது. ரெவிட் அந்தப் பெயரை வைத்துத்தான் வரிசையை அடையாளம் காண்கிறது.

அட்டவணை தயாரானதும் முழு செட்டையும் எடுக்க வேண்டாம். சுவர், கதவு, தூண், படிக்கட்டு, அளவுகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் ஒரே ஒரு மாடி வரைபடத்தை எடுத்து ஆட்டோகேடில் திறங்கள். லேயர் பட்டியலை வாசியுங்கள். தெரியாத பெயர் ஏதாவது இருக்கிறதா? பெரும்பாலும் அது யாரோ ஒரு ஃபர்னிச்சர் ஃபேமிலிக்குள் (ரெவிட்டில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பொருளின் அச்சுக்குள்) பழைய டி.டபிள்யூ.ஜி-யை அப்படியே இறக்கி வைத்ததால் வந்ததாக இருக்கும். அந்தப் பழைய ஃபைலின் லேயர்கள் நம் அட்டவணைக்குக் கட்டுப்படாமல் கூடவே வந்துவிடும். அந்த ஃபேமிலியைத் திருத்தி, இன்னொரு முறை எடுத்துப் பார்த்து, அந்த ஒரு வரைபடத்தை மட்டும் பெறுபவருக்கு அனுப்பி, அவருடைய சிடிபி-யில் ஒரு பிரிண்ட் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு மீதி ஷீட்டுகளை அதே அமைப்பில் எடுக்கலாம்.